“புரிந்தது” என்று சொல்லும் முன்...



ஒரு விமானம் விழுந்துவிட்டது என்று செய்தி வந்தால் நாம் உடனே என்ன நினைக்கிறோம்? என்ஜின் கோளாறு, இறக்கை முறிந்தது, புயல், மழை, அதுவும் இல்லாவிட்டால் யாரோ குண்டு வைத்துவிட்டான்! இப்படியெல்லாம் நடந்திருப்பது உண்மைதான். ஆனால் என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, ரேடியோவும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்து, ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குச் சரியாகப் போய்ச் சேராததால் நூற்றுக்கணக்கான பேர் செத்துப் போயிருக்கிறார்கள். நம்ப முடிகிறதா?

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. எங்கள் வீட்டில் யாருமே ஏறியதில்லை. வானத்தில் சத்தம் கேட்டால் எங்க அப்பத்தா இன்னமும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கும். “அப்படியிருக்க ஏரோப்ளேனைப் பத்தி எழுத உனக்கென்ன வந்துச்சு?”ன்னு கேக்குறீங்களா? காரணம் இருக்கிறது. கடைசி வரை படியுங்கள்.

ஒரு பொத்தான், ஒரு அலைவரிசை

நாம் பாட்டுக் கேட்கும் எஃப்.எம். ரேடியோ 108 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கொஞ்சம் மேலே, 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, விமானிகளும் தரைக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் பேசிக்கொள்கிறார்கள். பொத்தானை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ரெண்டும் ஒரே நேரத்தில் முடியாது. ஒரு அலைவரிசையில் பத்துப் பதினைந்து விமானங்கள் காத்திருக்கும். ஒருத்தர் பேசும்போது மற்றவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே பயன்படுவது ஏ.எம். பண்பேற்றம். எஃப்.எம்.மில் ரெண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் பலமான அலை பலவீனமான அலையை அமுக்கிவிடும். இன்னொருவர் பேசியதே தெரியாமல் போய்விடும். ஏ.எம்.மில் ரெண்டும் மோதி ‘கீச்’சென்று விசில் அடிக்கும். பேச்சு கெட்டுப்போனாலும் “வேற யாரோ பேசினாங்க” என்ற எச்சரிக்கையாவது கிடைக்கும். இது மூன்றாவது செமஸ்டர் பாடம். தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த விசில் சத்தத்துக்குள் எத்தனை உயிர் இருந்தது என்று பாடப் புத்தகம் சொல்வதில்லை.

மூன்று நொடி விசில்

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரிஃப் தீவு. பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இங்கே திருப்பி விடப்பட்டிருந்தன. சின்ன நிலையம், ஒரே ஓடுபாதை, கண் தெரியாத மூடுபனி. கே.எல்.எம். ஜம்போ விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் கிளம்பத் தயாராக நின்றது. பான் ஆம் ஜம்போ விமானம் அதே ஓடுபாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பனியில் ஒன்றுக்கு ஒன்று தெரியவில்லை. கோபுரத்தில் இருந்தவருக்கு ரெண்டுமே தெரியவில்லை. எல்லாருக்கும் இருந்த ஒரே கண் ரேடியோதான்.

கிளம்பிய பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்று கோபுரம் கே.எல்.எம்.முக்குச் சொன்னது. அது வழிக்கான அனுமதி மட்டும்தான், கிளம்புவதற்கான அனுமதி இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ‘டேக் ஆஃப்’ என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கும் முன்பே கேப்டன் விமானத்தை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். துணை விமானி கடைசியில் “வீ ஆர் நவ் அட் டேக் ஆஃப்” என்றார். கிளம்புகிற இடத்தில் நிற்கிறோம் என்று அர்த்தமா? கிளம்பிவிட்டோம் என்று அர்த்தமா? கோபுரத்தில் இருந்தவர் முதல் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு “ஓகே” என்றார். பிறகு, காத்திருங்கள், கூப்பிடுகிறேன் என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானி, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று கத்தினார். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கியதால் கே.எல்.எம். விமானத்தில் ‘ஓகே’ மட்டும் தெளிவாகக் கேட்டது. மற்றது சுமார் மூன்று நொடி விசிலில் மங்கிப்போனது.

அதன் பிறகும் ஒரு வாய்ப்பு இருந்தது. கே.எல்.எம். விமானத்தின் ஃப்ளைட் என்ஜினியர், அந்த பான் ஆம் இன்னும் விலகலையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். அவர் அந்தக் கம்பெனியிலேயே பெரிய பயிற்சியாளர். அவரிடம் ரெண்டாவது தடவை யார் கேட்பது? யாரும் கேட்கவில்லை. 583 பேர் இறந்தார்கள். வேறெந்த விமான விபத்திலும் இத்தனை பேர் இறந்ததில்லை.

‘டூ’ என்றால் என்ன?

1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம். 2,400 அடிக்கு இறங்கச் சொன்ன அதிகாரி “டூ ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று எண்களைத் தனித்தனியாகச் சொன்னார். ஆங்கிலத்தில் ‘டூ’ என்றால் இரண்டு. இன்னொரு ‘டூ’ என்றால் ‘-க்கு’. விமானிகள் ரெண்டாவது அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு, 400 அடி என்று நினைத்தார்கள். “ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று திருப்பியும் சொன்னார்கள். தப்பு அங்கே பச்சையாக வெளியில் வந்துவிட்டது! ஆனால் அதைக் காதில் வாங்கித் திருத்த வேண்டியவர் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி அதிலிருந்த 4 பேரும் இறந்தார்கள்.

ஆக, சொல்வது ஒரு வேலை. சொன்னதைத் திருப்பிச் சொல்வது ரெண்டாவது வேலை. திருப்பிச் சொன்னது சரிதானா என்று கவனமாகக் கேட்பது மூன்றாவது வேலை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பேச்சு முழுமையாகாது.

ரொம்ப நன்றி!

மனதை ரொம்பப் பிசைந்தது 1990 ஜனவரி 25 அன்று நடந்தது. கொலம்பியா நாட்டின் அவியாங்கா விமானம் 158 பேரோடு நியூயார்க் வந்தது. வானிலை மோசம். மூன்று இடங்களில் மொத்தம் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றவிட்டார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது. தங்களுக்கு ‘பிரையாரிட்டி’ வேண்டும் என்று துணை விமானி கேட்டார். ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. முன்னுரிமை கேட்பவர்கள் நிறைய. ஆபத்து என்று அறிவித்தால்தான் வானமே வழிவிடும்.

முதல் தடவை இறங்க முயன்று முடியாமல் மேலே எழும்பிய பிறகு, ஆபத்து என்று சொல் என்று கேப்டன் துணை விமானியிடம் சொன்னார். அவரோ அடுத்த திசையைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அதன் வாலில், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சாதாரணமாகச் சேர்த்தார். சொல்லிட்டியா என்று கேப்டன் கேட்டபோது, சொல்லிட்டேன் என்றார். கொஞ்ச நேரத்தில் தரையிலிருந்து ஒரு அதிகாரி, உங்களை இன்னும் சுமார் பதினைந்து மைல் தள்ளிக் கொண்டுபோய்த் திருப்புகிறேன், உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் அது சரிவருமா என்று நேராகவே கேட்டார்! அப்போது வந்த பதில் என்ன தெரியுமா? “சரிவரும்னு நினைக்கிறேன், ரொம்ப நன்றி.”

சில நிமிடங்களில் நான்கு என்ஜினும் நின்றுபோய் விமானம் லாங் ஐலண்டில் ஒரு மலைச்சரிவில் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை. எரிவதற்கு எண்ணெய் இருந்தால்தானே!

அந்த ‘ரொம்ப நன்றி’யைப் படித்தபோது எனக்கு நம்ம வகுப்பு ஞாபகம்தான் வந்தது. “புரிஞ்சுதா?” என்று ஆசிரியர் கேட்டதும் அறுபது தலையும் பூம்பூம் மாடு மாதிரி ஆடுமே, அந்த ஞாபகம்.

ஆங்கிலம் தெரியாததுதான் காரணமா?

“இதெல்லாம் இங்கிலீஷ் வராதவங்களால வர்ற வினை” என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. 1996 நவம்பர் 12 மாலை, நம் நாட்டிலேயே, அரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். உலகில் நடுவானில் நடந்த மோதல்களிலேயே அதிகம் பேர் இறந்தது இதில்தான். சவூதி விமானத்துக்கு 14,000 அடி, கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்று டெல்லி அதிகாரி தெளிவாகத்தான் ஒதுக்கியிருந்தார். எதிரே விமானம் வருகிறது என்றும் எச்சரித்தார். கஜகஸ்தான் விமானத்தில் ரேடியோவில் பேசியவர் விமானிகளுக்குப் பின்னால் இருந்த ரேடியோ ஆபரேட்டர். உயரம் காட்டும் கருவி அவருக்கென்று தனியாக இல்லை. பேசுகிறவர் ஒருத்தர், ஓட்டுகிறவர் இன்னொருத்தர், நடுவில் பழகாத ஆங்கிலம். அந்த விமானம் ஒதுக்கிய உயரத்தை விட்டுக் கீழே இறங்கியதுதான் காரணம் என்று நீதிபதி லகோதி விசாரணை ஆணையம் சொன்னது.

அப்போது டெல்லியிலிருந்த ரேடாரில் விமானம் புள்ளியாகத் தெரியுமே தவிர அதன் உயரம் தெரியாது. வருவதற்கும் போவதற்கும் வானத்தில் ஒரே பாதை. அதன் பிறகு பாதைகளைப் பிரித்தார்கள், உயரம் காட்டும் ரேடாரைக் கொண்டுவந்தார்கள், மோதலை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2003-இல் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் ஆங்கிலத் தகுதியை ஆறு படிகளாக வகுத்து, குறைந்தது நான்காம் படியில் இருக்க வேண்டும் என்றது. 2008 மார்ச்சிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. பல நாடுகள் 2011 வரை அவகாசம் எடுத்துக்கொண்டன.

சரி, மீதிப் பாதி உண்மை? தெனெரிஃபில் மோதியவர்கள் ஆங்கிலம் தெரியாதவர்களா? பான் ஆம் விமானிகள் அமெரிக்கர்கள். கே.எல்.எம். கேப்டன் உலகம் சுற்றியவர். கோலாலம்பூரில் ‘டூ’வைத் தப்பாக எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள். நியூயார்க்கில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஆங்கிலம்தான் தாய்மொழி. எரிபொருள் தீர்கிறது என்று காதில் விழுந்த பிறகும், “நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்களா?” என்று அவர்கள் திருப்பிக் கேட்கவில்லையே! மொழி நன்றாகத் தெரிந்தவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. தெரியாதவர் மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் போய்விட முடியாது.

மரியாதையான நாலு சொல்

இவ்வளவு பேரைப் பறிகொடுத்த பிறகு விமானத் துறை என்ன கற்றுக்கொண்டது? ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர வேறெங்கும் சொல்லக்கூடாது என்று விதி வைத்தார்கள். மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்பதை ‘நைனர்’ என்று சொல்ல வேண்டும். ஆபத்து என்றால் ‘மேடே’ என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். 1980-களிலிருந்து, கேப்டன் தப்பு செய்தால் சின்னவர் வாய்திறந்து சொல்ல வேண்டும் என்று தனியாகப் பயிற்சியே கொடுக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. காதில் விழவில்லை என்றால் ‘ஸே அகெய்ன்’. சொன்னதைச் செய்ய முடியாது என்றால் ‘அனேபிள்’. யோசிக்க நேரம் வேண்டும் என்றால் ‘ஸ்டேண்ட் பை’. இல்லை என்றால் ‘நெகட்டிவ்’. இவற்றைச் சொல்ல மன்னிப்புக் கேட்க வேண்டாம், தலையைச் சொறிய வேண்டாம், “ஸாரி சார்” போட வேண்டாம். எனக்குப் புரியவில்லை, என்னால் முடியாது என்று சொல்வதற்கு மரியாதையான சொற்களை விதிப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்! நம்ம வகுப்பறையில் அப்படி ஒரு சொல் இருக்கிறதா?

கிளிப்பிள்ளைப் பாடம் போதாது

அப்படியானால் திருப்பிச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், நிலநடுக்க நிவாரணப் பொருட்களோடு கிளம்பவிருந்த கடலோரக் காவல் படை விமானத்துக்கு, நீங்கள் முதல் ஆள், ஓடுபாதைக்கு முன்னாலிருக்கும் நிறுத்தக் கோடு வரை வாருங்கள் என்று உத்தரவு வந்தது. அவர்களும் அதை அப்படியே சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் ‘முதல் ஆள்’ என்றதும், கிளம்பவே அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்து ஓடுபாதைக்குள் போய் நின்றுவிட்டார்கள். இறங்கிவந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதியது. அதிலிருந்த 379 பேரும் எரிகிற விமானத்திலிருந்து தப்பினார்கள். சின்ன விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள்.

வாய் சரியாகச் சொன்னது, மனசு வேறொன்றைப் புரிந்துகொண்டது. மனப்பாடம் செய்து எண்பது மார்க் வாங்கிவிட்டு லேப்பில் எந்த ஒயரை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் நிற்பவர்களை நாம் பார்த்ததில்லையா?

“இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துரும்பா” என்பார்கள். வந்திருக்கிறது. வங்கக் கடலுக்கு மேலே பறக்கும் விமானங்களோடு சென்னைக் கட்டுப்பாட்டு நிலையம் எழுத்துச் செய்தியாகவும் பேசுகிறது. நல்ல விஷயம்தான். விசில் தொல்லை இல்லை, ‘டூ’ தொல்லை இல்லை. ஆனால் வந்த செய்திக்குச் “செய்கிறேன்” என்று பொத்தானை அமுக்குவது மனுஷன்தான். படிக்காமலே அமுக்குபவனை எந்தக் கருவி காப்பாற்றும்?

நமக்கு என்ன சம்பந்தம்?

என் அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. மேலே நிற்பவர் “புடிச்சுட்டேன்” என்று சொல்லும்வரை கீழே இருப்பவர் மூட்டையை விடமாட்டார். விட்டால் ஒருத்தர் இடுப்பு போய்விடும். மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறுமுன் எல்.சி. வாங்குகிறார்கள். அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை யாரும் லைனைப் போடக் கூடாது. பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிற்கணும், ரெண்டு விசில் என்றால் போகணும். விமானத் துறை பல உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடத்தை நம்ம ஊர் உழைப்பாளிகள் வேலை செய்தே கற்றிருக்கிறார்கள். படிக்க வந்த இடத்தில்தான் நாம் இதை விட்டுவிடுகிறோம்.

ஏன்? நம்மில் பாதிப் பேர் பத்தாவது வரை தமிழில் படித்தவர்கள். வீட்டில் கேட்டால் சொல்லித்தர ஆளில்லை. இங்கே வந்ததும் எல்லாம் ஆங்கிலம். “திரும்பச் சொல்லுங்க சார்” என்று ஒருத்தன் எழுந்தால் பின் பெஞ்சிலிருந்து சிரிப்பு வருகிறது. ஒரு தடவை சிரித்தால் போதும், மூன்று வருஷத்துக்கு அவன் வாய் திறக்கமாட்டான். அரியர் விழும். “படிப்பு ஏறலை” என்று ஊருக்குத் திரும்புவான். அவனுக்கு ஏறாதது படிப்பு இல்லை, கேட்கிற தைரியம். ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்று நம்ம பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நாளைக்கு நாம் வேலைக்குப் போவோம். சப்-ஸ்டேஷனில், ரசாயன ஆலையில், ரயில்வேயில் நிற்போம். சூப்பர்வைசர் வாக்கி-டாக்கியில் ஏதோ சொல்வார். பாதி கேட்கும், பாதி கேட்காது. “ஆன்” என்றாரா, “ஆஃப்” என்றாரா? அங்கே போய்ப் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினால் கதி என்ன?

அதனால் நம் மாணவர் பேரவைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று: “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும். “நான் சொன்னதை உன் வார்த்தையில் சொல்லு” என்று கேளுங்கள். தமிழில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். சிலபஸ் முடிக்க நேரமில்லை என்பீர்கள். நிமிடத்துக்கு நிமிடம் விமானம் இறங்கும் இடத்திலேயே திருப்பிச் சொல்ல நேரம் ஒதுக்குகிறார்கள்!

இரண்டு: லேப்பில் சப்ளை போடுமுன் ஒருத்தர் சொல்ல வேண்டும், இன்னொருத்தர் திருப்பிச் சொல்ல வேண்டும், முதல் ஆள் அது சரிதானா என்று பார்த்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும்.

மூன்று: வாரத்தில் ஒரு மணி நேரம், சீனியர் அண்ணன்களும் அக்காக்களும் முதலாமாண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடச் சொற்களைத் தமிழில் விளக்க, பேரவை ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் வாரத்துக்கு நான் வருகிறேன்.

நண்பர்களே, நமக்குள் ஒரு விதி வைத்துக்கொள்வோம். இந்த வளாகத்துக்குள் யார் “திரும்பச் சொல்லுங்க” என்று கேட்டாலும் யாரும் சிரிக்கக் கூடாது. சிரிப்பு வந்தால் அந்த 158 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்காகப் பேச வேண்டியவர் “ரொம்ப நன்றி” என்று சொன்னதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

— மூன்றாமாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை